இல்லத்தின் ஆணை இல்லத்துள்ளே இருக்கட்டும்

2016ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் திகதியன்று அமெரிக்க நாட்டிலே பல இல்லங்களில் ஒரு சிறு கருவி ஊமையாயிற்று. றிவோல்வ் என்பது அதன் பெயர். வீட்டிலுள்ள விளக்குகளையும் கதவுப் பூட்டுகளையும் ஒரே இடத்திலிருந்து இயக்குவதற்கென மக்கள் அதனை ஏறத்தாழ 300 டொலர் கொடுத்து வாங்கியிருந்தனர். கருவி பழுதடையவில்லை, மின்சாரமும் தடைப்படவில்லை. அதனைச் செய்த நிறுவனத்தை 2014இல் விலைக்கு வாங்கியிருந்த நெஸ்ற் என்னும் நிறுவனம், அக்கருவிக்குத் தொலைவிலிருந்து ஆணை வழங்கிவந்த கணினிச் சேவையை அன்றுடன் நிறுத்திவிட்டது. அவ்வளவே. பணங்கொடுத்து வாங்கியவர் கையிலே ஒரு வெறும் பெட்டி எஞ்சியது.

ஆறாண்டுகளின் பின், 2022 ஏப்ரலில், இதே கதை மீண்டும் நிகழ்ந்தது. இன்ஸ்ரியன் என்னும் மற்றொரு நிறுவனத்தின் சேவை, வாடிக்கையாளருக்கு முன்னறிவித்தல் ஏதுமின்றி நின்றுபோனது. சுவரிலுள்ள ஆளிகள் கைக்கு இயங்கின. ஆனால் கைத்தொலைபேசி வழியாக வீட்டை இயக்கிய வசதி அற்றுப்போயிற்று. சில வாரங்களின் பின் அதனைப் பயன்படுத்தியோரிற் சிலரே ஒன்றுகூடி அந்நிறுவனத்தை வாங்கிச் சேவையை மீட்டெடுத்தனர் என்பது பின்கதை.

இவ்விரு நிகழ்ச்சிகளும் தூர தேசத்தவை எனினும், நம்மவரும் சிந்திக்க வேண்டியவை. தாமாக எரிந்து அணையும் மின்குமிழ்களும், கைத்தொலைபேசியின் சொற்படி கேட்கும் மின்செருகிகளும் இன்று நமது நாட்டிலும் விற்பனைக்கு வந்துவிட்டன. அவற்றை வாங்குவோர் விலையைக் கேட்கின்றனர், நிறத்தைக் கேட்கின்றனர். கேட்க வேண்டிய முதற் கேள்வியை மட்டும் கேட்பதில்லை. அது யாதெனில், ‘இந்த விளக்குக்கு ஆணை எங்கிருந்து வருகிறது?’ என்பதேயாம்.

பத்தடித் தூரமும் பன்னாட்டுப் பயணமும்

ஓர் எளிய உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டிலே வயது முதிர்ந்த பாட்டியார் ஒருவர் இருக்கிறார். நள்ளிரவில் அவர் படுக்கையைவிட்டு எழுந்து நடைவழிக்கு வந்ததும், ஆளியைத் தேடித் தடவாமல் அங்கே ஒரு மங்கலான விளக்கு எரிய வேண்டும்; சிறிது நேரத்தின் பின் தானாக அணைய வேண்டும். இதற்கு வேண்டியவை இரண்டு: மனிதர் அசைவை அறியும் ஓர் அசைவுணரி, ஆணையை ஏற்கும் ஒரு மின்குமிழ். இரண்டுக்கும் இடையே பத்தடித் தூரந்தான் இருக்கும்.

ஆனால் கடையில் கிடைக்கும் கருவிகளிற் பல இந்தப் பத்தடியைக் கடப்பதற்கு ஒரு பெரும் பயணத்தை மேற்கொள்கின்றன. உணரி எழுப்பிய செய்தி இணைய இணைப்பின் வழியே வெளியேறி, கடலடிக் கம்பிகளைக் கடந்து, வேறொரு நாட்டிலுள்ள கணினியை அடைகிறது. அங்கே ‘விளக்கை ஏற்றுக’ என்ற முடிவு எடுக்கப்படுகிறது. பின்னர் அந்த ஆணை வந்த வழியே மீள்கிறது. இணைப்புச் சீராக உள்ளபோது இதெல்லாம் இமைப்பொழுதில் முடிந்துவிடும். இணைப்பு அறுந்தாலோ, அந்நிறுவனம் கடையை மூடினாலோ, பாட்டியார் இருளில் நிற்பார். அன்றியும், எம் வீட்டில் எவர் எப்பொழுது விழித்தார், எப்பொழுது வீடு ஆளற்றிருந்தது என்னும் குறிப்புகள் யாவும் அந்நியர் ஒருவரது ஏட்டிற் பதிவாகின்றன.

இதற்கு மாற்று வழி உண்டு. ஆணை பிறக்கும் இடத்தை வீட்டுக்குள்ளேயே அமைத்துக்கொள்வதுதான் அது. அதற்குத் துணைபுரிவது, விரலளவேயான ஒரு யூ.எஸ்.பி. கருவி. அதனை ஒருங்கிணைப்பான் என்பர். அஃது எவ்வாறு தொழிற்படுகிறது, அதனை எவ்வாறு நிறுவுவது என்பதை இனிக் காண்போம்.

தேனீயின் பெயர் தாங்கிய வானொலி

இக்கருவிகள் தம்முட் பேசிக்கொள்ளும் வானொலி மொழிகளுட் பரவலானது ஸிக்பீ எனப்படுவது. பெயரின் பிற்பகுதி ஆங்கிலத்தில் தேனீயைக் குறிக்கும். கூட்டுக்குத் திரும்பிய தேனீ, மலர்கள் எத்திசையில் எவ்வளவு தொலைவில் உள்ளன என்பதை அசைந்தாடும் நடனத்தாற் கூட்டத்தாருக்கு உணர்த்தும். அந்த நடனத்தின் பொருளை ஆராய்ந்து கண்ட கார்ள் வொன் ஃபிறிஷ் என்னும் அறிஞர் 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்நடனத்தை நினைவூட்டியே இவ்வானொலி முறைக்குப் பெயரிடப்பட்டது. இதற்கு அடிப்படையான வானொலி நியமம் 2003இல் வெளியாயிற்று. ஸிக்பீயின் முதல் விதிமுறை 2004இன் இறுதியில் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

வைஃபை இருக்கையில் இஃது எதற்கு என மாணவர் வினவலாம். வைஃபை திரைப்படங்களையும் சுமந்து செல்லவல்ல பார ஊர்தி; ஆயின் அதற்கு மின்சாரம் மிகுதியாக வேண்டும். ஸிக்பீயோ துவிச்சக்கர வண்டி போன்றது. செக்கனுக்கு 250,000 பிற்றுகளே அதன் எல்லை. ‘கதவு திறந்தது’, ‘விளக்கை ஏற்று’ என்பன போன்ற சிறு செய்திகளுக்கு அது தாராளமாகப் போதும். அந்தச் சிக்கனத்தின் பயனாகவே, நாணய வடிவமான ஒரு சிறு மின்கலத்தைக்கொண்டு ஓர் உணரி ஓராண்டுக்கு மேலும் உழைக்க முடிகிறது.

தபாற் கந்தோரும் தபாற்காரரும்

ஸிக்பீ வலையமைப்பில் மூவகைக் கருவிகள் உள்ளன. நமது தபாற் சேவையைக்கொண்டு இதனை விளக்கலாம்.

முதலாவது ஒருங்கிணைப்பான். இது பிரதான தபாற் கந்தோர். ஒரு வலையமைப்புக்கு ஒன்றே உண்டு. வலையமைப்பைத் தொடக்கி வைப்பதும், அதற்குரிய அலைவரிசையைக் குறிப்பதும், புதியவரைச் சேர்ப்பதும், இரகசியச் சாவியை வழங்குவதும் இதன் கடமைகள்.

இரண்டாவது வழிப்படுத்தி. இவை உபதபாற் கந்தோர்கள். வீட்டு மின்சாரத்தில் எந்நேரமும் இணைந்திருக்கும் மின்குமிழ்களும் மின்செருகிகளும் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை. தமது சொந்த வேலையுடன், பிறர் செய்தியை வாங்கி அடுத்தவருக்குக் கையளிக்கும் தொண்டையும் இவை செய்கின்றன. ஆதலால் ஒருங்கிணைப்பானின் அலை எட்டாத பின்வளவு அறைக்கும் செய்தி போய்ச் சேருகிறது.

மூன்றாவது முனைக் கருவி. மின்கலத்தில் இயங்கும் உணரிகள் இவ்வகையின. இவை பெரும்பொழுதும் உறங்கிக் கிடக்கும். இடையிடையே விழித்து, தமக்கு அண்மையிலுள்ள உபதபாற் கந்தோரிடம் ‘எனக்குக் கடிதம் உண்டா?’ என்று கேட்டுவிட்டு மீண்டும் உறங்கிவிடும். அதுவரை கடிதத்தைப் பாதுகாத்து வைத்திருப்பது அந்த உபதபாற் கந்தோரின் பொறுப்பு.

இம்மூன்றையும் மனத்திற் பதித்துக்கொண்டால், பின்னர் எதிர்ப்படும் இடையூறுகளிற் பெரும்பகுதியின் காரணம் தானே விளங்கும்.

வேண்டிய பொருள்கள்

ஒருங்கிணைப்பான் தனித்துச் சிந்திக்காது. அது காதும் வாயும் மட்டுமே. மூளை ஒரு கணினியில் இருக்க வேண்டும். இரவு பகலாக இயங்க வேண்டியதாகையால் மின்செலவு குறைந்த கணினியே ஏற்றது. உள்ளங்கை அளவான றாஸ்பெரி பை என்னும் கணினியை இதற்குப் பலர் பயன்படுத்துகின்றனர். வீட்டிற் சும்மா கிடக்கும் பழைய சிறு கணினியும் போதும்.

மூளைக்கு அறிவூட்டும் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஹோம் அசிஸ்டன்ற் என்பது 2013இல் பவ்லஸ் ஷவுட்சன் என்பவர் தொடங்கியது. வீட்டின் கருவிகளையெல்லாம் ஒரே திரையில் காட்டி, ‘இது நடந்தால் இதைச் செய்’ என்னும் விதிகளை எழுத உதவுவது. ஸிக்பீ மொழியைப் புரிந்துகொள்ளும் பகுதியொன்று அதனுள்ளேயே உண்டு. அதற்குப் பதிலாக, கூன் கான்ரர்ஸ் என்பவர் தொடக்கிய ஸிக்பீ-ரு-எம்.கியூ.ரி.ரி. என்னும் தனி மென்பொருளையும் கொள்ளலாம். எம்.கியூ.ரி.ரி. என்னும் செய்திமுறை 1999இல் எண்ணெய்க் குழாய்களைத் தொலைவிலிருந்து கண்காணிப்பதற்கென உருவாக்கப்பட்டது. பாலைவனத்து எண்ணெய்க் குழாய்க்கு ஏற்றது பாட்டியாரின் விளக்குக்கும் ஏற்றதாயிற்று.

ஒருங்கிணைப்பானை வாங்கும்போது பெட்டியின் அழகை நோக்காது, உள்ளிருக்கும் சில்லின் பெயரைக் கேட்க வேண்டும். ரெக்சஸ் இன்ஸ்ரூமென்ற்ஸ் நிறுவனத்தின் சி.சி.2652 என்னும் சில்லும், சிலிக்கன் லாப்ஸ் நிறுவனத்தின் ஈ.எஃப்.ஆர்.32 வரிசைச் சில்லும் இன்று பரவலாக உள்ளன. சி.சி.2531 என்னும் பழைய சில்லு மலிவாகக் கிடைப்பினும் அதன் நினைவாற்றல் குறைவு. கருவிகள் பெருகும்போது தடுமாறும். ஒரே தோற்றமுடைய இரு கருவிகளுக்குள் வெவ்வேறு சில்லுகள் இருப்பதும் உண்டு. மென்பொருளுக்குச் சில்லின் இனத்தைச் சரியாகச் சொல்லாவிடின் அது கருவியுடன் பேச மறுக்கும்.

இவற்றுடன் மலிவான மற்றொரு பொருளும் அவசியம். அது ஒரு மீற்றர் நீளமான யூ.எஸ்.பி. நீட்டிப்புக் கம்பி. இதன் மகிமையைச் சற்றுப் பொறுத்துக் கூறுவேன்.

முதல் நாள் வேலை

கருவியைக் கணினியிற் செருகியதும், கணினி அதற்கு ஒரு வாயிற் பெயரை இடும். இப்பெயர் பெரும்பாலும் வந்த வரிசைப்படி இடப்படுவது. இன்று பூச்சியம் என்ற எண்ணைப் பெற்றது, நாளை மற்றொரு கருவி முந்திக்கொண்டால் ஒன்று என்ற எண்ணைப் பெறக்கூடும். அப்பொழுது மென்பொருள் வெறும் வாயிலிலே காத்திருந்து ஏமாறும். ஆதலின், கருவியின் தொடர் இலக்கத்தை உள்ளடக்கிய நிலையான பெயரும் கணினியில் உண்டு. அதையே மென்பொருளுக்குக் கொடுத்தல் வேண்டும். வகுப்பில் இருக்கை மாறினாலும் மாணவனைச் சேர்விலக்கத்தால் அறிவது போன்றது இது.

மேலும், ஒரு வாயிலை ஒரு வேளையில் ஒரு மென்பொருள் மட்டுமே ஆளமுடியும். இரண்டு மென்பொருள்களை ஒருங்கே பரீட்சித்துப் பார்க்க எண்ணி இரண்டையும் ஓடவிடுவோர், ஒன்றும் இயங்காமை கண்டு கருவியைப் பழிப்பர். பிழை கருவியுடையதன்று.

வலையமைப்பைத் தொடக்குமுன் தீர்மானிக்க வேண்டியவை இரண்டு: அலைவரிசையும் இரகசியச் சாவியும். பின்னர் அலைவரிசையை மாற்றினாற் சில கருவிகள் வழிதவறும். சாவியை மாற்றினாலோ அத்தனை கருவிகளையும் புதிதாகச் சேர்க்க நேரும். அத்திவாரம் இட்ட பின் அறையின் அளவை மாற்ற முயல்வது போலாகும்.

அலைவரிசைக் கணக்கு

ஸிக்பீ பெரும்பாலும் 2,400 மெகாஹேர்ட்ஸ் பகுதியில் இயங்குகிறது. அங்கே அதற்கு 16 அலைவரிசைகள் உண்டு. அவற்றின் எண்கள் 11 முதல் 26 வரை. 11ஆம் அலைவரிசையின் மீடிறன் 2,405 மெகாஹேர்ட்ஸ். அடுத்தடுத்த ஒவ்வொன்றும் 5 மெகாஹேர்ட்ஸ் மேலே செல்லும். அலைவரிசை எண்ணிலிருந்து 11ஐக் கழித்து, ஐந்தாற் பெருக்கி, 2,405ஐக் கூட்டினால் விடை கிடைக்கும் என்பதை மாணவர் தாமே சரிபார்க்கலாம். 20ஆம் அலைவரிசைக்கு 2,450. 25ஆம் அலைவரிசைக்கு 2,475.

இதே பகுதியில் வைஃபையும் குடியிருக்கிறது. வைஃபையில் வழக்கமாகப் பயன்படும் 1, 6, 11 என்னும் அலைவரிசைகளின் நடு மீடிறன்கள் முறையே 2,412, 2,437, 2,462 மெகாஹேர்ட்ஸ். ஒவ்வொன்றும் இருபது மெகாஹேர்ட்ஸ் அளவு அகலத்தை ஆக்கிரமிக்கிறது. ஸிக்பீக்கு இரண்டே போதும். தாளிற் கோடு கீறிப் பார்த்தால், அப்பெரிய மூன்று குடிமனைகளுக்கும் இடையே ஒடுங்கிய ஒழுங்கைகள் இருப்பது தெரியும். 15ஆம் அலைவரிசை முதலாவது ஒழுங்கை, 20ஆவது இரண்டாவது, 25ஆவது எல்லைக்கு அப்பாலுள்ள வெளி. 26ஆவதும் வெளியே உள்ளதே. எனினும் சில கருவிகள் அதில் இயங்கா. எனவே, வீட்டு வைஃபை எந்த அலைவரிசையில் உள்ளதென முதலில் அறிந்து, அதற்கு எட்ட விலகிய ஒழுங்கையைத் தேர்தல் நன்று. நுண்ணலை அடுப்பும் 2,450 மெகாஹேர்ட்ஸை அண்டியே இயங்குவதால், சமையல் வேளையில் மட்டும் ஒரு கருவி தடுமாறினால் அதனையும் நினைவிற் கொள்க.

ஒரு மீற்றர் கம்பியின் மகிமை

புதிதாக முயல்வோர் பெரும்பாலும் இடறும் கல் ஒன்றுண்டு. கருவியைக் கணினியின் முதுகிலே நேராகச் செருகுவர்; சுவருக்கு அப்பாலுள்ள உணரி காணாமற் போகும். சில்லு தரமற்றது என்று எண்ணி வேறொன்று வாங்குவர், அதுவும் அவ்வாறே.

காரணம் இதுதான். யூ.எஸ்.பி.யின் மூன்றாம் தலைமுறை வாயில்கள் மிகு வேகத்திற் தரவை அனுப்பும்போது, 2,400 மெகாஹேர்ட்ஸை உள்ளடக்கிய பரந்த மீடிறன் வீச்சில் இரைச்சல் எழுகிறது. இன்ரெல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் குறிப்பில் இதனை அளந்து காட்டியது. உணரியின் குரலோ மிக மெல்லியது. சந்தையின் நடுவே நின்று ஒருவர் இரகசியம் பேசினாற் கேட்குமா?

நீட்டிப்புக் கம்பி கருவியைச் சந்தைக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்துகிறது. கருவியை இரண்டாம் தலைமுறை வாயிலிற் செருகி, ஒரு மீற்றர் கம்பியால் கணினியிலிருந்தும் வைஃபைப் பெட்டியிலிருந்தும் விலக்கி, திறந்த வெளியில், வீட்டின் நடுப்பாங்கான இடத்தில் வைத்தல் வேண்டும். இரும்பு அலுமாரிக்குள் வைத்தல் ஆகாது. நீர் நிறைந்த பாத்திரங்களும் இரும்புக் கம்பி வைத்துக் கட்டிய சுவர்களும் இவ்வலைகளைக் குன்றச் செய்யும். அலைநீளம் ஏறத்தாழ 12 சென்ரிமீற்றரே யாதலால், கருவியைச் சில அங்குலம் நகர்த்துவதும் சில வேளைகளிற் பெரும் பயன் தரும்.

கதவு திறந்திருக்கும் நான்கு நிமிடங்கள்

இனிக் கருவிகளைச் சேர்க்கும் வேலை. மென்பொருளில் ‘சேர அனுமதி’ என்னும் கட்டளையை இட்டதும் வலையமைப்பின் கதவு திறக்கிறது. வழக்கமாக 254 செக்கன்கள், அதாவது நான்கு நிமிடங்களுக்குச் சற்று மேல், அது திறந்திருக்கும். அந்நேரத்துக்குள் புதிய கருவியின் பொத்தானை அழுத்தியோ, மின்குமிழைப் பலமுறை ஏற்றி அணைத்தோ அதனைச் சேரும் நிலைக்குக் கொணர வேண்டும்.

இங்கே வரிசை முக்கியம். முதலில் மின்குமிழ்களையும் மின்செருகிகளையும் சேர்க்க வேண்டும். அவற்றிலும் ஒருங்கிணைப்பானுக்கு அண்மையிலுள்ளதில் தொடங்கி வெளியே செல்ல வேண்டும். உபதபாற் கந்தோர்களைத் திறந்த பின்னரே கிராமத்தாருக்குக் கடிதம் போகும். உணரிகளை இறுதியில், அவை நிரந்தரமாக இருக்கப்போகும் இடத்திலேயே வைத்துச் சேர்த்தல் நன்று. சேரும் வேளையில் மென்பொருள் உணரியிடம் அதன் இனம், ஆற்றல் என்பவற்றைக் கேட்டறியும். உறங்குமூஞ்சியான உணரி நடுவே கண்ணயர்ந்துவிடும். ஆதலாற் சில செக்கன்களுக்கு ஒருமுறை அதன் பொத்தானை மெல்ல அழுத்தி விழித்திருக்கச் செய்ய வேண்டும்.

கருவிக்குப் பெயரிடுதலிலும் கவனம் தேவை. மென்பொருள் தரும் நீண்ட இலக்கத்தை அப்படியே விட்டால், மூன்று மாதத்தின் பின் எது எதுவென எவருக்கும் தெரியாது. ‘நடைவழி விளக்கு’, ‘கிணற்றடிக் கதவு’ என்று வீட்டார் அனைவருக்கும் விளங்கும் பெயர்களை அன்றே இட்டுவிடுக.

சாவியைப் பேணுக

ஸிக்பீ வலையமைப்பிற் செல்லும் செய்திகள் 128 பிற்று நீளமான ஓர் இரகசியச் சாவியாற் பூட்டப்படுகின்றன. சாத்தியமான சாவிகளின் எண்ணிக்கை 39 இலக்கங்கள் கொண்ட ஓர் எண். ஒவ்வொன்றாகப் பரீட்சித்துத் திறக்க எக்கள்வனாலும் இயலாது.

ஆனால் பூட்டு எவ்வளவு உறுதியாயினும், சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டால் என்ன பயன்? மென்பொருளின் உதாரணக் குறிப்புகளில் அச்சிடப்பட்ட சாவியை அப்படியே வைத்துக்கொண்டோர் முன்னர் உண்டு. அச்சாவியோ உலகறிந்தது. புதிய சாவியொன்றை எழுந்தமானமாக உருவாக்கும்படி மென்பொருளைப் பணித்தலே முறை. அன்றியும், புதிய கருவி சேரும் கணத்தில் வீட்டுச் சாவி அதற்கு அனுப்பப்படுகிறது. பல கருவிகளில் அந்தக் கடித உறையைப் பூட்டுவது யாவரும் அறிந்த ஒரு பொதுச் சாவியே. அக்கணத்தில் அண்மையில் நின்று ஒட்டுக் கேட்பவன் வீட்டுச் சாவியைப் பெறக்கூடும். புதிய கருவிகள் சிலவற்றில் தனித்தனிச் சேர்ப்புக் குறியீடு அச்சிடப்பட்டிருப்பது இக்குறையைத் தீர்ப்பதற்கே. எவ்வாறாயினும், வேலை முடிந்ததும் கதவைச் சாத்திவிடுக. எந்நேரமும் திறந்து வைத்திருப்பது பேதைமை.

மற்றொரு கடமையும் உண்டு. ஒருங்கிணைப்பான் பழுதடைந்தாலோ, கணினியின் நினைவட்டை கெட்டாலோ, சாவியும் அங்கத்தவர் பட்டியலும் அழிந்துபோகும். அவற்றின் பிரதியொன்று வேறோரிடத்தில் இருந்தால், அதே இனத்துப் புதிய ஒருங்கிணைப்பானில் அதனை ஏற்றிப் பழைய வலையமைப்பை மீட்டெடுக்கலாம். இல்லையெனின், ஏணி வைத்து ஏறி ஒவ்வொரு மின்குமிழையும் மீண்டும் சேர்க்க வேண்டியதுதான்.

சுவரிலுள்ள ஆளி

இவ்வளவும் செய்து முடித்த பின்பும் ஒரு சங்கடம் காத்திருக்கும். அது வானொலியாலன்று, பழக்கத்தால் வருவது. நாம் பிறந்தது முதல் விளக்கைச் சுவர் ஆளியால் அணைத்துப் பழகியவர்கள். நள்ளிரவிலே ஒருவர் வழக்கம்போல் நடைவழி ஆளியை அணைத்துவிட்டுப் படுக்கிறார். அம்மின்குமிழ் விளக்கு மட்டுமன்று, உபதபாற் கந்தோரும் ஆகும் அன்றோ? அது மூடப்பட்டதும் அதனை நம்பியிருந்த உணரிகளும் தனித்து விடப்படுகின்றன. மறுநாள் அணைத்தவரைக் கடிந்துகொள்வதில் நியாயமில்லை. வீட்டாரின் பழக்கத்துக்கு இயந்திரம் இசைய வேண்டுமேயன்றி, இயந்திரத்துக்காக வீட்டார் அஞ்சி வாழ்தல் தகாது.

இதற்குத் தீர்வுகள் உண்டு. ஆளிப் பெட்டிக்குள் பொருத்தும் சிறு ஸிக்பீக் கருவிகள் கிடைக்கின்றன. அவை பொருத்தப்பட்டால் ஆளி வழக்கம்போல் இயங்கும், வலையமைப்பும் அறுபடாது. ஆனால் அவற்றிற் பலவற்றுக்கு நொதுமற் கம்பி தேவை. பழைய வீடுகளின் ஆளிப் பெட்டிகளில் பெரும்பாலும் உயிர்க்கம்பி மட்டுமே இருக்கும். 230 வோல்ற்றுடன் விளையாடலாகாது. இவ்வேலையைத் தேர்ந்த மின்தொழிலாளரிடமே விடுக. அது முடியாதாயின், மின்செருகி ஒன்றிரண்டை எவரும் கழற்றாத மூலையில் நிரந்தர உபதபாற் கந்தோராக வைப்பதே எளிய வழி.

மின்வெட்டையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2022ஆம் ஆண்டிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரமின்றி இருந்த நமக்கு இதனை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. மின்சாரம் மீண்டதும் இவ்வகை மின்குமிழ்கள் பல முழுப் பிரகாசத்துடன் தாமே எரியும். அதிகாலை இரண்டு மணிக்கு வீடு முழுவதும் ஒளி வெள்ளமாகும்! ‘மின்சாரம் மீளும்போது முன்னைய நிலைக்கே திரும்பு’ என்று மின்குமிழைப் பணிக்கும் வசதி பலவற்றில் உண்டு. அதனை முதல் நாளே அமைத்துவிடுக. கணினிக்கு ஒரு சிறு சேமக் கலம் வைப்பதும் நன்று. மின்சாரம் திடீரென அறுவதால் நினைவட்டைகள் கெடுவது அரிதன்று.

இன்னொரு வசதியையும் பலர் அறியார். உணரியையோ பொத்தானையோ ஒரு மின்குமிழுடன் நேரடியாகப் பிணைத்து வைக்க ஸிக்பீ இடமளிக்கிறது. இதற்கு இசையும் கருவிகளைப் பிணைத்துவிட்டால், கணினி நின்றுபோனாலும் செய்தி நேரே விளக்குக்குப் போகும். பாட்டியாரின் விளக்கு போன்ற இன்றியமையாதவற்றுக்கு இது பேருதவி.

கேட்க வேண்டிய கேள்வி

வானொலி நியமங்கள் மாறிக்கொண்டே இருப்பவை. 2022இல் மற்றர் என்னும் புதிய பொது நியமம் வெளிவந்தது. அதனுடன் பயன்படும் திறெட் என்னும் வலையமைப்பும் ஸிக்பீயின் அதே வானொலி அடிப்படையில் எழுந்ததே. நாளை வேறொன்று வரலாம். ஆயினும் முதற் கேள்வி மாறாது: ஆணை எங்கிருந்து வருகிறது?

அவ்வாணை எம் இல்லத்துள்ளே இருப்பின், இணைப்பு அறுந்த நாளிலும், நிறுவனம் மூடிய நாளிலும் விளக்கு எரியும். எமது இரவுகளின் குறிப்பும் எமது வீட்டிலேயே இருக்கும். அதற்கு விலையாக நாம் சிறிது கற்க வேண்டும். சாவியைப் பேண வேண்டும். பிரதி எடுக்க வேண்டும். பொறுப்பின்றி உரிமை இல்லை என்பது இங்கும் உண்மையே. இவ்வேலையை வீட்டில் ஒருவர் மட்டும் அறிந்திருத்தலும் போதாது. அலைவரிசை எண்ணையும் கருவிகளின் பெயர்களையும் பிரதி இருக்கும் இடத்தையும் ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதி வைத்து, மூத்த பிள்ளைகளுக்கும் காட்டி வைக்க வேண்டும்.

நள்ளிரவில் எழும் பாட்டியார் இவற்றுள் எதனையும் அறிய வேண்டியதில்லை. அவர் காலடியில் வெளிச்சம் விழுந்தால் அதுவே போதும். என்றாவது ஒருநாள் எல்லாம் பொய்த்துப்போயினும், அவர் கை நீட்டும் இடத்திலே அந்தப் பழைய ஆளி இருக்கவேண்டும். அழுத்தினால் விளக்கு எரியவும் வேண்டும். அவ்வாறு அமைந்ததே நல்ல அமைப்பு.